தையலும் பிசினும்

(கலிபோர்னியாவின் சன்னிவேலில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மென்பொருள் ஊரில் நின்றுகொண்டு படகு கட்டுவதைப் பற்றிப் பேசுகிறேனே என்று யாரும் வியக்க வேண்டாம். கால்ட்ரெய்ன் தண்டவாளத்தை ஒட்டி ஹெண்டி அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பெயர் ஜோஷுவா ஹெண்டி இரும்பாலையிலிருந்து வந்தது. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஆலை அழிந்தபின், இந்த ஊர் இலவசமாக நிலம் கொடுத்து அழைத்து வந்த ஆலை அது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டியது. அவற்றில் 754 கப்பல்களுக்கான நீராவி எஞ்சின்கள் சன்னிவேலில் செய்து ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டவை. சில்லுகள் வருவதற்கு முன்பே இந்த ஊரின் கைவேலை கடலில் மிதந்தது.

அதற்கும் வெகுகாலம் முன்பே, இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் சதுப்புக் கரையில் வாழ்ந்த ஒலோனி மக்கள் டூலி என்ற உயரமான கோரையை அறுத்துக் காயவைத்து, கத்தை கத்தையாகக் கட்டி, முனைகளை மேல்நோக்கி வளைத்துப் படகு செய்தார்கள். 1816இல் ரஷ்யக் கப்பல் ஒன்றில் வந்த லூயி கோரிஸ் என்ற ஓவியர் அந்தப் படகில் துடுப்புப் போடுகிறவர்களை வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தால் நம் கடற்கரை ஆள் எவருக்கும் அது அந்நியமாகத் தெரியாது. அதில் பலகை இல்லை, ஆணி இல்லை. கட்டு மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோரைத் தண்டுக்குள்ளும் காற்று இருப்பதால் கத்தை மிதக்கிறது. மேலே தெறிக்கும் தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசப்போவது முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. மனிதன் தண்ணீர்மேல் போவதற்கு இரண்டு வழி கண்டான். ஒன்று, தானே மிதக்கும் பொருளைச் சேர்த்துக் கட்டுவது. ஒலோனியின் கோரைப் படகும் நம் கட்டுமரமும் இந்த வழி. மற்றொன்று, தண்ணீர் புகாத ஒரு குழிவைச் செய்து அதற்குள் உட்காருவது. வல்லம், தோணி, கேனூ எல்லாம் இந்த வழி. முதல் வழியில் கவலை குறைவு, சுமை அதிகம். இரண்டாவது வழியில் படகு இலகு, வேகம். ஆனால் எங்கே ஒரு மூட்டு திறந்தாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே, குழிவான படகு கட்டும் கலை என்பது பெரும்பாலும் மூட்டுப் போடும் கலை. மரம் எது, துணி எது, பிசின் எது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

முதலில் கட்டுமரத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அல்பீசியா, முருக்கு போன்ற இலகுவான மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாகச் சேர்த்து, அணியத்திலும் கடையாலிலும், அதாவது முன்முனையிலும் பின்முனையிலும், கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். சோழமண்டலக் கரையில் துறைமுகத்துக்கு வாகான இயற்கைக் குடாக்கள் அரிது. திறந்த மணல்கரை, அதன்மேல் மோதி உடையும் அலை. விறைப்பான படகு அந்த அலையில் ஏறி இறங்கி மணலில் அறைபட்டால் பிளந்துவிடும். கட்டுமரமோ கயிற்றுக் கட்டில் கொஞ்சம் அசைந்துகொடுத்து அறையை வாங்கிக்கொள்கிறது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும், பிறகு இற்றுப்போகும். காய்ந்த மரம் மறுநாள் மறுபடி இலகுவாகக் கடலேறும். ஒரு மரம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன்: பழுதுபார்ப்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட இதுபோன்ற ஒரு கலத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியக் கரைகளின் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் கட்டுமர வகைகளை எவ்வளவு அக்கறையோடு பதிவு செய்திருக்கிறார் என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அதே கரையில் குழிவான படகும் இருந்தது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இடையில் நார் வைத்து, கயிற்றால் தைத்த படகு அது. உள்ளே வங்கு கிடையாது, அதாவது விலா எலும்புபோல நிற்கும் குறுக்குச் சட்டங்கள் இல்லை. அதனால் படகின் உடல் முழுவதும் வளைந்துகொடுத்தது. அந்தக் கரையின் வலிமை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: 1881ஆம் ஆண்டுப் புயல், கட்டிக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்களையே உடைத்துப் போட்டது. அதே கடலில் தைத்த பலகைகள் நாள்தோறும் போய்வந்துகொண்டிருந்தன.

பலகையைத் தைத்துப் படகு செய்யும் அறிவு நம் பெருங்கடலுக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கலிபோர்னியாவுக்கு வந்தபின் அந்த எண்ணம் விரிந்தது. இங்கிருந்து தெற்கே, சாண்டா பார்பரா கரையில் சூமாஷ் மக்கள் 'டோமோல்' என்ற படகைக் கட்டினார்கள். வடக்கிலிருந்து கடலில் அடித்துவரும் செம்மரக் கட்டைகளை, அதாவது ரெட்வுட்டை, ஆப்பு வைத்துப் பிளந்து பலகையாக்கி, சுறாத் தோலால் தேய்த்து வழவழப்பாக்கி, துளையிட்டு, செடிநார்க் கயிற்றால் தைத்தார்கள். கரையில் தானாகக் கசியும் நிலக்கீலையும் பைன் பிசினையும் சேர்த்துக் காய்ச்சி மூட்டுகளை அடைத்தார்கள். நம் ஊரில் கலப்பற்று அடிப்பதும் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதும் இதே வேலைதான். இரண்டு கரைகளுக்கும் இடையில் பசிபிக் முழுவதும் கிடக்கிறது. ஆனாலும் கை கண்டுபிடித்த விடை ஒன்று. அந்தப் படகுக்கலை இடையில் அற்றுப்போய்விட்டது. சூமாஷ் மக்கள் 1976இல் ஒரு டோமோலை மறுபடி கட்டினார்கள். பிறகு கட்டிய இன்னொன்றில் 2001இல் கடலைக் கடந்து, லிமூ என்று அவர்கள் அழைக்கும் சாண்டா குரூஸ் தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போனார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு மீட்பு நடந்திருக்கிறது. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு கோவாவில் கட்டப்பட்ட 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பல், 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. கேரளத்துப் பாபு சங்கரன் தலைமையில் தச்சர்கள் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்தார்கள். அதன் மாதிரியைத் தண்ணீர்த் தொட்டியில் சோதித்துப் பார்த்தது நம் சென்னை ஐஐடி. பழைய ஓடாவிகள், அதாவது படகு கட்டும் தச்சர்கள், கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தக் கணக்கை இப்போது கருவிகளைக் கொண்டு தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

இனி முட்டத்துக்கு வருகிறேன். நாகர்கோவிலில் படித்த காலத்தில் நான் போய்வந்த கரை அது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் நடந்த ஒரு காரியம் தமிழ்ப் பொறியியல் வரலாற்றில் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டியது. நம்மில் பலருக்கு அது தெரியாது.

அன்று நிலைமை இது. வல்லம் குடைவதற்கான பருத்த மரங்கள் மலையில் அருகிப்போயின. கிடைத்த மரத்தின் விலையும் எட்டவில்லை. கட்டுமரத்துக்கான தடிமரங்களுக்கும் அதே கதி. மறுபுறம் விசைப்படகுகள் கரையோரத்து மீனை வாரிக்கொண்டு போக, சிறு மீனவன் இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. வெளியே மாட்டும் எஞ்சின் வந்தது. ஆனால் அதை மாட்டக் கட்டுமரத்தில் தோதான பின்பலகை இல்லை, அதிர்வைத் தாங்கும் விறைப்பும் இல்லை. கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் ஒரு படகு கட்டும் தளத்தை நடத்தியது. இங்கிலாந்தின் இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழு உதவிக்கு வந்தது. கிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் வடிவமைப்பாளரும், பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளரும் உள்ளூர்த் தச்சர்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து உழைத்தார்கள்.

அவர்கள் கையில் எடுத்த முறை என்ன தெரியுமா? தையல்தான். இங்கிலாந்தில் 1963இல் 'மிரர்' என்ற சிறு பாய்ப்படகு அறிமுகமானது. ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்தது. தச்சுவேலை தெரியாத சாதாரணக் குடும்பம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி செய்தது. 70,000க்கும் மேல் கட்டப்பட்டது. அதன் முறை எளிது. பிளைவுட் தகடுகளை வரைபடத்தின்படி அறுக்க வேண்டும். விளிம்புகளில் சிறு துளைகள் போட்டுச் செப்புக் கம்பியால் தைக்க வேண்டும். தைத்ததும் தட்டையான தகடுகள் தாமாகவே வளைந்து படகின் வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு மூட்டின் உட்புறத்தில் பிசினைக் குழைத்துத் தடவி, உள்ளும் புறமும் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டிவிட்டால், தையல் செய்த வேலையைப் பிசின் நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும். மசூலாவில் கயிறு கடைசிவரை சுமை தாங்கும். இங்கே கம்பி, பிசின் இறுகும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் போதும். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் இங்கிலாந்தின் ஏரியில் ஓடிய முறையை முட்டத்து அலையில் இறக்குவது வேறு விஷயம். அமைதியான தண்ணீருக்கு வரைந்த மூட்டு, நாள்தோறும் மணலில் அறைபடும் படகுக்குப் போதாது. வலை இழுக்க நிற்பவனுக்கு விளிம்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும், அலை உடையும் இடத்தில் அணியம் எப்படி எழும்ப வேண்டும், கரையில் எத்தனை பேர் தூக்கிப்போக முடியும் என்பதையெல்லாம் மீனவன்தான் சொல்ல முடியும். அவன் சொன்னான், தச்சன் மாற்றினான், மறுபடி கடலில் சோதித்தார்கள். ஜில்லே இந்த அனுபவத்தை 1985இல் ஒரு புத்தகமாக எழுதினார். தலைப்பு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சிறிய தொழில்நுட்பத்தை ஒரு கரையில் ஊன்ற வைப்பதற்குப் பட்ட பாடெல்லாம் அதில் இருக்கிறது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, நாம் 'சிஃப்ஸ்' என்று சொல்வது, பின்னர் பிளைவுட் வல்லங்களைக் கேரளத்திலும் குமரியிலும் பரப்பியது. அதே காலத்தில் ஐநாவின் உணவு வேளாண் நிறுவனம் 1979 முதல் சென்னையிலிருந்து நடத்திய வங்காள விரிகுடாத் திட்டமும், அலையடிக்கும் கரையில் இறங்கும் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம், அங்கே யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை என்பது. மரப் பலகையின் அறிவு தச்சனிடம் இருந்தது. பிசினின் அறிவு பொறியாளரிடம் இருந்தது. கடலின் அறிவு மீனவனிடம் இருந்தது. மூன்றும் சேர்ந்தபோதுதான் படகு நின்றது.

பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். முழுக்க முழுக்கக் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் கொண்டு, அச்சில் வார்த்தெடுக்கும் ஃபைபர் போட் பரவியது. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த மாற்றத்தை ஒரே வீச்சில் முடித்துவைத்தது. உதவி நிறுவனங்கள் படகு கொடுத்தன. கட்டுமரம் இழந்த பலருக்கும் கிடைத்தது ஃபைபர் போட். அவசரத்தில் முளைத்த தளங்களில் பிசின் வறண்ட இடமும், கண்ணாடி இழை விரிப்பின் அடுக்குகள் ஒட்டாத இடமும் கொண்ட படகுகள் வார்க்கப்பட்டதைப் படகு வல்லுநர்கள் அன்றே எச்சரித்தார்கள். ஃபைபர் போட் மீனவனுக்கு எஞ்சினையும் வேகத்தையும் தூரத்தையும் கொடுத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தை நாம் மறக்கக் கூடாது. கண்ணாடி இழைத் தகடு தண்ணீரைவிட அடர்த்தியானது. மிதவை அறைகளில் தெர்மோகோல் வைக்காவிட்டால், கவிழ்ந்து நிரம்பிய படகு மூழ்கும். கட்டுமரத்துக்கு அந்தப் பயமே கிடையாது. இன்னொன்று, ஆயுள் முடிந்த ஃபைபர் படகை எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மட்காது. அதனால்தான் நம் கடற்கரைகளில் உடைந்த ஓடுகள் அப்படியே கிடக்கின்றன.

முட்டம் காட்டிய நடுவழியை, அதாவது மரத்தை உள்ளே வைத்துப் பிசினையும் துணியையும் தோலாகப் போர்த்தும் வழியை, நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. இன்று உங்கள் முன் நான் வந்து நிற்பதே அதைச் சொல்லத்தான். அந்த வழியை நம் கையாலேயே இந்த ஊரில் செய்து பார்க்க முடியும் என்பதும் என் கருத்து.

எப்படி என்று சொல்கிறேன். வட அமெரிக்காவில் கேனூ ஆர்வலர்கள் வளர்த்தெடுத்த முறை, மெல்லிய மரச் சட்டங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டிக் கட்டுவது. டெட் மூர்ஸ் என்ற கனடியர் 1983இல் எழுதிய 'கேனூக்ராஃப்ட்' என்ற நூல் அதைப் பலருடைய வீட்டுக்குள் கொண்டுவந்தது. நீண்ட மேடையில் குறுக்குவாட்டு அச்சுகளை ஓரடி இடைவெளியில் நிறுத்த வேண்டும். அவற்றின்மேல், கால் அங்குலத் தடிமனும் முக்கால் அங்குல அகலமும் உள்ள சிவப்பு சீடர் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து ஒட்டிக்கொண்டே வர வேண்டும். உடல் முழுதும் மூடியதும் இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் வழவழப்பாக்கி, ஆறு அவுன்ஸ் கண்ணாடி இழைத் துணியை விரித்து, எபாக்ஸியை ஊற்றித் தேய்க்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்த துணி பிசினில் நனைந்ததும் கண்ணுக்கு மறைந்துபோகும். அடியில் மரத்தின் ரேகை பளிச்சென்று தெரியும். இழையும் பிசினும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் வரும் விளைவு அது. எங்காவது வெண்மை மிஞ்சினால் அங்கே பிசின் போதவில்லை என்று பொருள். வேலையின் தரத்தைக் கண்ணே சோதித்துவிடலாம். ஃபைபர் போட் தளத்தில் நிறம் போட்ட மேற்பூச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குறை, இங்கே ஒளிந்துகொள்ள முடியாது. பிறகு புரட்டி, அச்சைக் கழற்றி, உட்புறத்துக்கும் அதே போர்வை.

இந்த மூன்று அடுக்கு ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது? தகட்டை வளைத்தால் ஒரு முகம் இழுபடும், மறுமுகம் நசுங்கும். இழுபடுவதையும் நசுங்குவதையும் கண்ணாடி இழை ஏற்கிறது. இரண்டு முகமும் ஒன்றையொன்று வழுக்கி விலகாமல், உரிய தூரத்தில் பிடித்து வைக்கும் வேலையை நடுவில் இருக்கும் மரம் செய்கிறது. ஒரே பொருளாலான தகட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இலகுவான மரத்தைக் கொண்டு அந்தத் தடிமனை விலை குறைவாக வாங்கிக்கொள்கிறோம். விளைவு, பதினாறடிக் கேனூ முப்பது கிலோவுக்கும் குறைவு. இருவர் கூட வேண்டாம், பழகியவர் ஒருவரே தோளில் தூக்கிக் கார்மேல் ஏற்றலாம். தண்ணீர் நிரம்பினாலும் நடுவில் மரம் இருப்பதால் அது அடிக்குப் போகாது; ஆளைச் சுமக்காது, ஆனால் பற்றிக்கொள்ள மிதக்கும். நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு வழிகளும் இந்த உடலில் கொஞ்சம் கை கோத்துக்கொள்கின்றன.

எபாக்ஸியைப் பற்றிச் சில வார்த்தை, இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஃபைபர் தளங்களில் வேலை பார்த்தவர்கள், வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப வினையூக்கியைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர்கள். பாலியெஸ்டரில் அது செல்லும். எபாக்ஸியில் செல்லாது. அதில் பிசினும் இறுக்கியும் ஒன்றோடொன்று கணக்காகப் பிணைய வேண்டும். இறுக்கியை அதிகம் ஊற்றினால் வேகம் கூடாது, பிணையாமல் மிஞ்சியது மூட்டை மென்மையாக்கிவிடும். தயாரித்தவர் சொன்ன விகிதத்தை மாற்றாதீர்கள். கலந்த பிசினைக் குறுகலான கோப்பையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். தன் சூட்டிலேயே புகைந்து இறுகும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். மூட்டின் உள்மூலையில் தடவுவதற்கு மரத்தூளோ சிலிக்காவோ சேர்த்துக் கெட்டியான வடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கரண்டியிலிருந்து வழியக் கூடாது.

சன்னிவேலின் வானிலை இந்த வேலைக்கு ஒரு வரம். மரத்துக்குள் இருக்கும் காற்று சூடேறினால் விரிந்து வெளியே வரும். அப்போது பிசின் பூசியிருந்தால் மேற்பரப்பெல்லாம் குமிழி. ஆகவே வெப்பம் ஏறும் காலைப்பொழுதில் பூசக் கூடாது. கோடையின் பிற்பகலில் கராஜ் நன்றாகச் சூடேறியிருக்கும். மாலையில் வளைகுடாவிலிருந்து காற்று வந்து குளிரத் தொடங்கும். அந்த இறங்குபொழுதில் பூசினால் சுருங்கும் காற்று பிசினை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். இறுகிய எபாக்ஸியின்மேல் மெழுகுபோல ஒரு படலம் தங்கலாம். அடுத்த பூச்சுக்கு முன் வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கடைசியில் வெயிலைத் தடுக்கும் வார்னிஷ் அவசியம், ஏனென்றால் சூரியனின் புறஊதாக் கதிர் எபாக்ஸியைச் சிதைக்கும்.

உடல்நலம் பற்றியும் அழுத்திச் சொல்கிறேன். இறுகாத எபாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிவப்பு சீடரின் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. தேய்க்கும்போது நல்ல முகமூடி வேண்டும், தூள் பறக்கும் இடத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

மரம் எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். சீடர் வடமேற்கிலிருந்து வருகிறது. ஆனால் நம் சாண்டா குரூஸ் மலைகளின் மரம் செம்மரம். முதுமையான செம்மரக் காடுகளில் மிஞ்சியது சுமார் 5 சதவீதம்தான்; அவற்றிலிருந்து ஒரு சட்டம்கூட நமக்கு வேண்டாம். இந்த ஊரின் பழைய வேலிகளும் மரத் தண்ணீர்த் தொட்டிகளும் பிரிக்கப்படும்போது நெருக்கமான ரேகையுள்ள பழைய செம்மரம் கிடைக்கும். ஆணியைப் பிடுங்கி, முடிச்சில்லாத நீளத்தை மட்டும் எடுத்துச் சட்டமாக அறுத்தால் அருமையான பொருள். டோமோல் கட்டியவர்களும் நின்ற மரத்தை வெட்டவில்லை, கடல் கொண்டுவந்து போட்டதைத்தான் எடுத்தார்கள்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு, மறைக்காமல் சொல்ல வேண்டும். பிசின் தோல் கிழிந்து தண்ணீர் உள்ளே போனால், வெளியே வர வழியில்லாமல் மரம் உள்ளுக்குள் அழுகும். கட்டுமரத்தை அவிழ்த்துக் காயவைக்கலாம். கேனூவை அவிழ்க்க முடியாது. ஆகவே கீறல் விழுந்த அன்றே பார்க்க வேண்டும். நல்லவேளையாக, அதைச் சீர்செய்வது கடினமில்லை. அந்த இடத்தைத் தேய்த்து, மரத்தைக் காயவைத்து, புதுத் துணியும் பிசினும் போட்டால் பழையபடி வலு திரும்பும்.

முதன்முறை கட்டும் குடும்பத்துக்கு நான் மரச் சட்டப் படகைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளைவுட் தையல் படகில் தொடங்குங்கள். முட்டத்துத் தச்சர்கள் செய்த அதே வேலை. பிள்ளைகள் துளை போடலாம், கம்பி கோக்கலாம், முறுக்கலாம். தட்டையாகக் கிடந்த தகடுகள் தைக்கத் தைக்க எழுந்து படகாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு வடிவியல் வேறு பாடமாகத் தெரியாது. ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட்டையே வாங்குங்கள். இந்தியாவில் ஐஎஸ் 710, இங்கே பிஎஸ் 1088 என்ற தர எண்ணைப் பாருங்கள்.

கட்டியபின் எங்கே ஓட்டுவது? லாஸ் கேட்டோஸில் வசோனா ஏரி, அதற்கு மேலே லெக்சிங்டன் நீர்த்தேக்கம். துடுப்பால் மட்டும் ஓடும் படகுக்குக் கலிபோர்னியாவில் பதிவு எண் தேவையில்லை. அல்விசோவிலிருந்து வளைகுடாவுக்குள் இறங்கலாம். ஆனால் ஓதம் வடிந்தால் சேற்றில் சிக்கிக்கொள்வீர்கள், பிற்பகலில் காற்றும் கடுமையாகிவிடும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் போகாதீர்கள். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை சட்டப்படி கட்டாயம், பெரியவர்களும் போடுங்கள்.

நான் உங்களிடம் கேட்க வந்த உதவி ஒன்று உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கியபின், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கடல்களைக் கடந்து 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை வந்தடைந்தது. தமிழ்க் கைகள் கட்டிய கலம் இந்த நாட்டின் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் அப்படிக் கலம் கட்டிய ஓடாவிகளின் அளவுக் கணக்கு நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? முக்குவர், பரதவர், பட்டினவர் எனக் கடலோடு வாழ்ந்த மக்கள் கையிலும் வாயிலும் வைத்திருந்த அறிவு அது. அதை எழுதி வைக்க வேண்டிய கடமை, படித்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கு உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாகப்பட்டினத்திலோ குளச்சலிலோ கரையில் ஒதுக்கி வைத்த கட்டுமரத்தைக் கண்டால், படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். உரியவரிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு மரத்தின் நீளத்தையும் அகலத்தையும் வளைவையும் அளந்து எழுதுங்கள். எந்த மரம், எங்கே வெட்டியது, கட்டு எத்தனை சுற்று, முடிச்சு எப்படி என்று வயதான ஓடாவியிடம் கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அவர் நேரத்துக்கு உரிய கூலியும் கொடுங்கள். கப்பல் வரைபடம் போடும் மென்பொருளை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். அந்த அளவுகளைக் கொண்டு வரைபடம் போட்டால், முட்டத்திலோ இங்கேயோ யார் வேண்டுமானாலும் அதை மறுபடி கட்ட முடியும்.

இந்த மாதமே எதையாவது கையால் தொடங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. படகுக்கு முன் துடுப்பைச் செய்யுங்கள். தரையிலிருந்து உங்கள் மோவாய் உயரம் வரும் முடிச்சில்லாத ஒரு பலகை போதும். ஸ்ப்ரூஸ் என்றால் இலகு, ஆஷ் என்றால் உறுதி. நடுக்கோட்டை இரண்டு முகத்திலும் விளிம்பிலும் பென்சிலால் போட்டு, அந்தக் கோடு கடைசிவரை அழியாதபடி இழைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே தடிமனுக்கு வரும். இலையின் நுனியில் மட்டும் ஒரு பட்டை கண்ணாடி இழையை எபாக்ஸியில் நனைத்துச் சுற்றினால் கல்லில் பட்டாலும் பிளக்காது. இலைக்கு வார்னிஷ் அடியுங்கள். கைப்பிடிக்கு அடிக்காதீர்கள், வார்னிஷ் கையில் கொப்புளம் போடும். அங்கே நன்றாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவி, துணியால் துடைத்து விடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாமல் விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டினால் தானாகத் தீப்பற்றும்.